எர்மூபோலிக்குப் போகிறீர்களா? முதலில் அந்த ஊரின் கடிகாரத்தைப் பழகுங்கள்

கிரேக்கத் தீவு என்றால் வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், மலை விளிம்பில் நீச்சல் குளம் என்றுதான் எல்லார் கண்ணிலும் ஒரு படம் இருக்கிறது. அது வேண்டுமென்றால் நேராக சாந்தோரினிக்குப் போய்விடுங்கள். சீரோஸ் தீவில் இருக்கும் எர்மூபோலி வேறு வகை. சிக்லடீஸ் தீவுகளுக்கும் தென் ஏஜியன் பிராந்தியம் முழுவதற்கும் இதுதான் தலைநகர். கோர்ட்டு, ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம், பல்கலைக்கழகத் துறை, கப்பல் பழுது பார்க்கும் பட்டறை எல்லாம் உண்டு. பக்கத்துத் தீவுக்காரர்கள் வழக்குக்கும் கையெழுத்துக்கும் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கும் ஊர். சுற்றுலாப் பயணிகள் வராவிட்டாலும் ஊர் பாட்டுக்கு நடக்கும். அதனால் உங்களுக்காக அது தன் நேரத்தை மாற்றிக்கொள்ளாது, நீங்கள்தான் அதன் நேரத்துக்கு வர வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் முதல் தடவை போய் நான் ஒரு முழு நாளை வீணாக்கினேன், நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எப்போது, எப்படிப் போவது

விசா கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், கிரேக்கம் ஷெங்கன் நாடு, அந்த விசா தீவுகளுக்கும் செல்லும். மாதம்தான் முக்கியம். மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் தொடக்கம் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் மெல்தேமி என்ற வடகாற்று பிடித்துக்கொள்ளும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், மேகம் ஒரு துண்டு இருக்காது, ஆனால் கடல் கொதிக்கும். காற்று எல்லை மீறினால் துறைமுக அதிகாரிகள் கப்பல் புறப்படத் தடை போட்டுவிடுவார்கள். அதற்கு ‘அபகொரெஃப்திகோ’ என்று பெயர், இந்த ஒரு சொல்லைத் துறைமுகத்தில் யாராவது சொல்லிக் கேட்டால் அன்றைக்குப் பயணம் இல்லை என்று அர்த்தம். வேகப் படகுகள்தான் முதலில் நிற்கும், பெரிய கப்பல்கள் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆகவே ஊர் திரும்பும் விமானம் எந்த நாளோ அதற்கு முந்தின நாளே ஏதென்ஸ் வந்து சேர்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே வேண்டாம்.

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயுஸ் துறைமுகத்துக்கு 2022 முதல் ஒரே மெட்ரோவில் போய்விடலாம், மூன்றாம் தடம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிரேயுஸ் சாதாரணத் துறைமுகம் இல்லை, ஒரு வாசலில் இருந்து இன்னொரு வாசலுக்குப் பெட்டியோடு நடந்தால் மூச்சு வாங்கிவிடும், எனவே டிக்கெட்டில் எந்த வாசல் எண் போட்டிருக்கிறது என்று மெட்ரோவை விட்டு இறங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். பெரிய கப்பலில் மூன்றரை முதல் நாலு மணி நேரம், வேகப் படகில் இரண்டு, இரண்டரை. நான் எப்போதும் பெரிய கப்பல் கட்சி. வேகப் படகில் கண்ணாடிக்குள் அடைந்து கிடக்க வேண்டும், பெரிய கப்பலில் மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம், அதோடு எர்மூபோலியைக் கடலிலிருந்து பார்த்தபடி வந்து சேர்வதுதான் இந்தப் பயணத்தின் பாதி.

கப்பலில் ஏறும்போது பெட்டிகளைக் கீழே லாரிகள் நிற்கும் தளத்திலேயே ஓரமாக உள்ள தட்டுகளில் வைக்கச் சொல்வார்கள். தீவின் பெயர் எழுதியிருக்கும் தட்டாகப் பார்த்து வையுங்கள். இறங்கும் நேரத்தில், அறிவிப்பு வந்ததும் எழுந்து கீழே போய்விட வேண்டும். டீசல் வாசனை, சங்கிலிச் சத்தம், பைக்குகளை உறுமவிட்டு நிற்கும் பையன்கள், அவர்களுக்கு நடுவே நீங்கள். பின்பக்கத்து இரும்புக் கதவு மெதுவாகச் சாய்ந்து இறங்க இறங்க, அதற்கு மேலே முதலில் வானம், பிறகு இரண்டு குன்றுகள், பிறகு அந்தக் குன்றுகள் மீது அடுக்கடுக்காக வீடுகள், கடைசியில் கரையில் நிற்கும் டாக்சிக்காரர்களின் தலைகள் தெரியும். கப்பல் சில நிமிடம்தான் நிற்கும், உங்களுக்காகக் காத்திருக்காது.

அந்த இரண்டு குன்றுகள்

இறங்கியதும் கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்று நிமிர்ந்து பாருங்கள். இடப்பக்கம் உயரமாக இருப்பது ஆனோ சீரோஸ், மேல் சீரோஸ் என்று அர்த்தம். உச்சியில் சான் யோர்கிஸ் என்ற கத்தோலிக்கத் தலைமைக் கோயில். வெனிஸ்காரர்கள் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், கடற்கொள்ளையருக்குப் பயந்து மேலே கட்டிக்கொண்ட ஊர் அது. வலப்பக்கக் குன்று வ்ரொந்தாதோ, அதன் உச்சியில் அனாஸ்தாசி என்கிற ஆர்த்தடாக்ஸ் கோயில். இரண்டு சபைகளும் எதிரும் புதிருமாக நின்றாலும் இன்றைக்குச் சண்டை எதுவும் இல்லை. உலகத்தில் பல இடங்களில் இவர்களின் ஈஸ்டர் வெவ்வேறு தேதியில் வரும், சீரோஸில் கத்தோலிக்கர்களும் ஆர்த்தடாக்ஸ் தேதியிலேயே கொண்டாடுகிறார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தால் வேறென்ன செய்வது?

கீழே இருக்கும் எர்மூபோலி மட்டும் புதுசு. அதாவது இருநூறு வயசு. 1821இல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகக் கிரேக்கர்கள் போர் தொடங்கியபோது சீரோஸின் கத்தோலிக்கர்கள் பிரெஞ்சுப் பாதுகாப்பில் இருந்ததால் தீவு போரில் இறங்கவில்லை. 1822இல் கியோஸ் தீவில் படுகொலை நடந்தது, 1824இல் காசோஸ், ப்சாரா தீவுகளும் அழிந்தன. உயிர் தப்பியவர்கள், இன்றைய துருக்கியில் இருக்கும் ஸ்மிர்னாவிலிருந்து வந்தவர்கள், எல்லாரும் படகேறி இந்தக் காலி விரிகுடாவில் வந்து இறங்கிக் குடிசை போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் பல பேர் வணிகர்களும் மாலுமிகளும். ஆகவே ஊருக்கு வணிகத்தின் தெய்வமான ஹெர்மெஸின் பெயரை வைத்தார்கள். சில பத்தாண்டுகளில் புதிய கிரேக்க நாட்டின் முதல் துறைமுகமே இதுதான் என்றாகிவிட்டது. 1861இல் நெயோரியோன் கப்பல் பட்டறை வந்தது. பிறகு பாய்மரம் போய் நீராவி வந்தது, வியாபாரம் பிரேயுஸுக்கு நகர்ந்தது, 1893இல் கப்பல்களுக்குக் குறுக்கு வழியாகக் கொரிந்து கால்வாயும் திறந்தது, எர்மூபோலி மெல்ல ஓய்ந்தது. பணம் இருந்த காலத்தில் கட்டியதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பிறகு பணம் இல்லை, அதனால்தான் இத்தனை பழைய மாளிகைகளும் தப்பி நிற்கின்றன என்பது என் கணக்கு.

தங்கும் இடம், படிக்கட்டு, பெட்டி

இங்கேதான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இணையத்தில் ‘துறைமுகத்திலிருந்து 400 மீட்டர்’ என்று போட்டிருந்த அறையைப் பிடித்தேன். 400 மீட்டர் உண்மைதான், ஆனால் அதில் பெரும்பகுதி செங்குத்தாக மேலே போகிறது என்று யாரும் எழுதியிருக்கவில்லை. மத்தியானம் மூன்று மணி, வெயில், உருளும் பெட்டியின் சக்கரம் பளிங்குப் படியில் டக் டக்கென்று இடிக்கிற சத்தம் தெரு முழுக்க எதிரொலிக்கிறது, ஒரு ஜன்னலின் மரக்கதவு திறந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “சிகா, சிகா” என்று கையை அசைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மெதுவா, மெதுவா என்று அர்த்தம். மூன்று மணிக்குச் சத்தம் போடக் கூடாது என்பதும் அதற்குள் அடக்கம் என்று பிறகுதான் புரிந்தது.

ஆகவே அறை எடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் “எத்தனை படி?” என்று கேளுங்கள். தூரத்தைக் கேட்கவே வேண்டாம். மியாவுலி சதுக்கத்துக்கும் கடற்கரைச் சாலைக்கும் இடையில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடியுமென்றால் வப்போரியா. நீராவிக் கப்பலுக்குக் கிரேக்கத்தில் வப்போரி, அந்தக் கப்பல்களின் முதலாளிகளும் கேப்டன்களும் பாறை விளிம்பில் கட்டிய வீடுகள் இருக்கும் பகுதி அது. வீட்டின் முதுகு நேராகக் கடலுக்குள் இறங்கும். முதுகில் மாட்டும் பையாக இருந்தால் நல்லது. செருப்பு விஷயத்திலும் கவனம், தேய்ந்துபோன பளிங்குக் கல்லில் வழவழப்பான அடிப்பாகம் உள்ள செருப்பு போட்டால் மழை பெய்யாமலே வழுக்கும். இன்னொன்று, குளியலறையில் ஒரு சின்னக் குப்பைக் கூடை வைத்திருப்பார்கள், கழிவறைக் காகிதம் அதில்தான் போக வேண்டும், குழாய்கள் குறுகல்.

ஊரின் கடிகாரம்

இப்போது முக்கியமான விஷயம். கடைகள் காலையில் திறந்து மத்தியானம் இரண்டரை வாக்கில் மூடிவிடும். செவ்வாய், வியாழன், வெள்ளியில் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் திரும்பத் திறக்கும். திங்கள், புதன், சனிக்கிழமைகளில் பொதுவாகக் காலையோடு சரி. பயணிகளை நம்பி இருக்கும் கடைகள், சாப்பாட்டுக் கடைகள் இதற்குள் வராது, ஆனால் செருப்புக் கடை, துணிக் கடை, இரும்புக் கடை எல்லாம் இப்படித்தான். மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை தூக்க நேரம். அந்த நேரத்தில் தெருவில் அலைந்தால் பூனைகளைத்தான் பார்ப்பீர்கள். நான் முதல் நாள் சரியாக அந்த நேரத்தில்தான் ஊர் சுற்றிவிட்டு “செத்த ஊர்” என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்கு வெளியே வந்தபோது வெட்கமாகிவிட்டது.

காலை எட்டரை, ஒன்பதுக்குக் கியூ தெருவிலிருந்து தொடங்குங்கள். கியோஸ் அகதிகளின் பெயரைத் தாங்கிய கடைத்தெரு. மீன், காய், பழம், மூட்டையில் பருப்பு, கொத்துக் கொத்தாக மூலிகை. இந்தத் தீவின் கப்பரியை, அதாவது உப்பில் ஊறின பூ மொட்டுகளை, ருசி பார்க்கக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சான் மிகாலி என்ற கடினமான பசும்பால் சீஸ் இங்கே மட்டும்தான் செய்ய முடியும், பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கறி சாப்பிடுகிறவர்களுக்கு லூசா என்ற பன்றி இறைச்சித் துண்டும் பெருஞ்சீரகம் போட்ட தொத்திறைச்சியும் இருக்கின்றன.

அங்கிருந்து மேலே நடந்தால் மியாவுலி சதுக்கம். தரை முழுக்கப் பளிங்கு, நடுவில் 1821 போரின் கடற்படைத் தலைவர் மியாவுலிஸின் சிலை, பின்னால் நகர மன்றம். 1876இல் தொடங்கி 1898இல் முடித்தார்கள், வரைந்தவர் எர்ன்ஸ்ட் சில்லர் என்கிற ஜெர்மன் கட்டடக் கலைஞர். எதற்கு இவ்வளவு சின்னத் தீவுக்கு இத்தனை பெரிய கட்டடம் என்று தோன்றும், கட்டி முடித்தபோது ஊரின் நல்ல காலமே கிட்டத்தட்ட முடிந்துவிட்டிருந்தது. இன்றைக்கும் அது நகராட்சி அலுவலகம்தான், உள்ளே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். கட்டணம் எதுவும் இல்லாமல் படியேறி உள்முற்றம் வரை போய் எட்டிப் பார்க்கலாம்.

பக்கத்தில் அப்போல்லோ அரங்கம், 1864இல் இத்தாலியரான பியெத்ரோ சாம்போ கட்டியது. இத்தாலியில் மிலான் நகரத்தின் பேர்பெற்ற ஆப்பெரா அரங்கை நினைத்து ஊர்க்காரர்கள் இதைக் குட்டி லா ஸ்கலா என்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிதைந்து, வெகுகாலம் மூடிக் கிடந்து, 2000 வாக்கில் மறுபடி உயிர் வந்தது. பகலில் சின்னக் கட்டணம் கொடுத்து உள்ளே போய்ப் பார்க்கலாம், ஆனால் ஜூலையில் இங்கே ஆப்பெரா நடக்கும்போது டிக்கெட் கிடைத்தால் அதுதான் சரி. செப்டம்பரில் வந்தால் அனிமாசீரோஸ் என்ற அனிமேஷன் திரைப்பட விழா இருக்கும்.

காபி கேட்கும் விதமும் சொல்லிவிடுகிறேன். கிரேக்கக் காபியில் சர்க்கரையைச் சேர்த்தேதான் கொதிக்க வைப்பார்கள், பிறகு போட்டுக் கலக்க முடியாது, ஆகவே கேட்கும்போதே சொல்ல வேண்டும்: ‘ஸ்கெத்தோ’ என்றால் சர்க்கரை இல்லாமல், ‘மெத்ரியோ’ என்றால் அளவாக, ‘கிளிகோ’ என்றால் தித்திப்பாக. அடியில் வண்டல் நிற்கும், அதைக் குடிக்காதீர்கள். கோடையில் எல்லாரும் ஃப்ரெட்டோ என்ற ஐஸ் காபிதான். ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். அப்புறம், ‘நே’ என்றால் ஆமாம். தலையை மேலே தூக்கி ‘ட்ச்’ என்றால் இல்லை. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நான் இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட வேண்டியதாயிற்று.

ஏறுவது எப்படி, இறங்குவது எப்படி

ஆனோ சீரோஸுக்கு ஏறிப் போகாதீர்கள். பஸ்ஸிலோ டாக்சியிலோ மேலே போய், நடந்து இறங்குங்கள். பஸ் நிலையம் கப்பல் துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு போனால் போதும். வண்டி உள்ளே போக முடியாது, சந்துகள் அவ்வளவு குறுகல், சில இடங்களில் வீட்டுக்கு அடியிலேயே நுழைந்து போவீர்கள். முதலில் சான் யோர்கிஸ் வரை போய்விடுங்கள், அங்கிருந்து துறைமுகமும் எதிரே தீனோஸ் தீவும் தெரியும். இறங்கும் வழியில் 1635இல் வந்த கப்புச்சின் துறவிகளின் மடம் இருக்கிறது.

அதே சந்துகளில்தான் 1905இல் மார்க்கோஸ் வம்வகாரிஸ் பிறந்தார். ஏழைக் கத்தோலிக்கக் குடும்பம். சின்ன வயதிலேயே பிரேயுஸுக்கு ஓடிப் போய்க் கரி சுமந்து, இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்து, புசூக்கி என்ற தந்தி வாத்தியம் கற்று, ரெபெத்திகோ என்ற கிரேக்க நகரத்து இசையின் தலைமகன் ஆனார். இந்தத் தீவுப் பெண் ஒருத்தியை நினைத்து 1930களில் அவர் போட்ட பாட்டு ஒன்றைக் கிரேக்கத்தில் தெரியாதவர் கிடையாது, சீரோஸின் ஊர்ப் பெயர்களெல்லாம் அதில் வரிசையாக வரும். அவர் பெயரில் சின்ன அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே இல்லாவிட்டாலும் ஏதாவது சாப்பாட்டுக் கடையில் ராத்திரி அந்தப் பாட்டு உங்கள் காதில் விழுந்தே தீரும்.

வலப்பக்கம் வப்போரியாவுக்கு இன்னொரு மாலையை ஒதுக்குங்கள். நீலக் குவிமாடம் கொண்ட புனித நிக்கோலாஸ் கோயில், அதைத் தாண்டி மாளிகைகள், அதற்குக் கீழே அஸ்தேரியா. மணல் கிடையாது, சிமென்ட் மேடை, அதிலிருந்து நேராகக் கடலில் இறங்க ஏணி. ஊர்ப் பெரியவர்கள் தொப்பியோடு கழுத்தளவு நீரில் நின்றுகொண்டு அரசியல் பேசுவார்கள். நீச்சல் தெரியாதவர்கள் இங்கே இறங்க வேண்டாம், ஆழம். மணல் கரை வேண்டுமென்றால் பஸ் பிடித்து கலிஸ்ஸாஸ் அல்லது கினி போங்கள்.

பலர் தவறவிடும் இரண்டு

ஒன்று, துறைமுகத்துக்குச் சற்று மேலே இருக்கும் கிமிசிஸ் கோயில். ப்சாரா அகதிகளின் கோயில். அங்கே வெகுகாலம் தொங்கிக்கொண்டிருந்த கன்னி மரியாவின் மரணப் படத்தில் 1983இல்தான் கையெழுத்தைக் கண்டுபிடித்தார்கள்: தொமெனிக்கோஸ் தியொத்தொக்கோபுலோஸ். ஸ்பெயினுக்குப் போய் எல் கிரேக்கோ என்ற பெரிய ஓவியர் ஆனவரேதான். அவர் தன் சொந்தத் தீவான கிரீட்டை விட்டுப் போகும் முன், இளம் வயதில் வரைந்தது. வழிபாடு நடக்காத நேரமாகப் பார்த்து, தோளை மறைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் போங்கள்.

இன்னொன்று தொழில் அருங்காட்சியகம், பழைய சாயத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே ஒரு குட்டிக் காரைத் தேடிப் பாருங்கள். என்ஃபீல்ட் 8000, மின்சாரக் கார், 1970களில் இந்தத் தீவில் செய்தது! ஈய அமில பேட்டரியில் ஓடியது, மொத்தமே சுமார் 120தான் செய்தார்கள். மரச் சாமான் அலமாரிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். நெயோரியோன் பட்டறையில் இப்போதும் வேலை நடக்கிறது, உள்ளே விட மாட்டார்கள், ஆனால் கரையோரம் நடந்தால் உயரத் தூக்கி வைத்த கப்பலின் சிவப்பு அடிவயிற்றையும் அதில் தொங்கிக்கொண்டு பற்றவைக்கிற ஆட்களையும் பார்க்கலாம். எனக்கு அது நகர மன்றத்தை விடப் பிடித்திருந்தது.

ராத்திரியும் சாப்பாடும்

ஒன்பதுக்கு முன் சாப்பிடப் போனால் கடையில் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். அதற்கு முன் சதுக்கத்தில் ஒரு ‘வோல்தா’, அதாவது சும்மா நடை. தாத்தாக்கள் பெஞ்சில், குழந்தைகள் நகர மன்றப் படிகளுக்குக் கீழே பந்தாட்டம், பல்கலைக்கழக வடிவமைப்புத் துறை மாணவர்கள் ஒரு பக்கம், கல்யாணம் பேசுகிற கூட்டம் ஒரு பக்கம். மாணவர்கள் இருப்பதால்தான் குளிர்காலத்திலும் ஊர் அடங்கிப் போவதில்லை.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். கிரேக்கத்தில் விரத நாட்கள் அதிகம், எனவே சைவச் சமையலும் அதிகம். ஃபாவா கேளுங்கள், மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்து ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்டது, நம் பருப்புக் கடையலின் ஒன்றுவிட்ட தம்பி, என்ன, மிளகாய்தான் இருக்காது. பெரிய வெள்ளை மொச்சை மாதிரியான கிகாந்தெஸ், வேகவைத்த கீரையான ஹோர்தா, அரிசி அடைத்த தக்காளி கெமிஸ்தா. கெமிஸ்தாவில் சில இடங்களில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ‘நிஸ்திசிமோ’ என்று எழுதியிருந்தால் கறி, பால், முட்டை இல்லை என்று அர்த்தம், ஆனால் இறாலும் கணவாயும் அவர்கள் விரதத்தில் சேர்த்தி! அங்கே ஏமாந்துவிடாதீர்கள்.

கிளம்பும்போது லுக்குமி. கியோஸ், ஸ்மிர்னா அகதிகளோடு வந்த இனிப்பு, சர்க்கரையும் மாவுச்சத்தும் தண்ணீரும்தான். அல்வா கிண்டுகிற மாதிரி மணிக்கணக்கில் கிண்டித் தட்டில் ஊற்றி ஆறவிட்டு, வெட்டி, சர்க்கரைத் தூளில் புரட்டுகிறார்கள். இந்தத் தீவுத் தண்ணீரின் லேசான உப்புக்கரிப்புதான் காரணம், வேறெங்கும் இந்தப் பதம் வராது என்று கடைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். முன்பெல்லாம் வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் கூடையோடு கப்பலுக்குள்ளேயே ஏறி விற்றுவிட்டு, கதவு தூக்கும் முன் குதித்து இறங்குவார்களாம். இப்போது கடற்கரைச் சாலைக் கடைகளில் வாங்க வேண்டியதுதான். ரோஜா எல்லாரும் வாங்குவது, நீங்கள் மஸ்தீகா வாங்குங்கள், கியோஸ் தீவு மரப்பிசினின் வாசனை. இரண்டு அப்பளத்துக்கு நடுவே நூகா என்ற மெல்லும் இனிப்பை வைத்த மாதிரியான ஹல்வதோபிட்டா பிளேனில் நொறுங்கும், அதைக் கப்பலிலேயே சாப்பிட்டு முடியுங்கள். கறுப்புச் சட்டை போட்டிருந்தால் லுக்குமி பெட்டியைத் திறக்காதீர்கள், மேல்தளத்தில் காற்று அடிக்கும்.